ஒலியும் பிணியும்

பழைய மோட்டார் வண்டியொன்று ஒருநாட் காலையில் வழக்கத்துக்கு மாறானதோர் ஒலியை எழுப்புகின்றது. உடையவர் அதனைக் கராஜுக்குக் கொண்டு செல்கின்றார். "ஒரு சத்தம் கேட்கிறது, பாருங்கள்" என்கின்றார். எத்தகைய சத்தம், எப்பொழுது கேட்கின்றது, எவ்விடத்திலிருந்து வருகின்றது என்று வினவினால் அவரிடம் விடையில்லை. அவ்வாறு வினவும் வழக்கமும் இப்பொழுது அருகி வருகின்றது. ஓர் உறுப்புக் கழற்றப்படுகின்றது, புதியது பூட்டப்படுகின்றது, ஒலி தீர்ந்தபாடில்லை. மற்றோர் உறுப்புக் கழற்றப்படுகின்றது. பணம் கரைந்த பின்னரும் ஒலி எஞ்சி நிற்கின்றது.

இதற்குக் காரணம் தொழிலறிவுக் குறைவு என்பர் பலர். அதுவும் ஒரு காரணமே. ஆயின் அதற்கு முற்பட்ட காரணம் ஒன்று உண்டு. கேட்டதைச் சொல்லத் தெரியாமையே அது. ஒலியைச் செவ்விதாகக் கேட்டுச் செவ்விதாகச் சொல்ல வல்லவர், நோயின் பாதியைத் தம் வீட்டு முற்றத்திலேயே கண்டுவிடுவார் என்பது எமது கருத்து.

தமிழாசிரியன் ஒருவனுக்கு எஞ்சினோடு என்ன உறவு என்று அன்பர் சிலர் நகைத்தல் கூடும். நகைக்க. ஒலியைக் கேட்டு, அதன் பிறப்பிடத்தை ஆராய்ந்து, அளவு கண்டு, பெயரிடுதல் எழுத்ததிகாரம் கற்பிப்பவனுடைய அன்றாடத் தொழில். எவ்வெழுத்து எவ்விடத்திற் பிறக்கும் என்பதை ஆராயத் தொல்காப்பியர் பிறப்பியல் என ஓரியலையே வகுத்தார். எஞ்சினுக்கும் ஒரு பிறப்பியல் உண்டு. அதனைக் கற்பதற்குச் செவியும் பொறுமையும் போதும்.

யாழ்ப்பாணத்தார்க்கு இஃது ஒரு பொழுதுபோக்கன்று. இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட மொறிஸ் மைனரும், அக்காலத்து ஒஸ்ரின் வண்டிகளும் எம் ஊர்களிற் பல தலைமுறைக்கு உழைத்தவை. 1990களின் முற்பாதியில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருதல் தடுக்கப்பட்டிருந்தபோது இவ்வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பிப்பர். பின்னர் மண்ணெண்ணெயைக் கொடுப்பர். நோயாளரும் கருவுற்ற தாய்மாரும் அவ்வாறே ஆசுபத்திரி சென்றனர்.

மண்ணெண்ணெய் அவ்வெஞ்சின்களுக்கு ஏற்ற உணவன்று. அழுத்தப்படுங்கால் அது காலந்தப்பித் தானே பற்றிக்கொள்ளும். அதனாற் 'கிணிகிணி' என்னும் ஒலி பிறக்கும். முழுதும் எரியாத பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெய் பெயரிங்குகளைக் காவாது. அவை தேயத் தேய அடியிலிருந்து 'டொக் டொக்' என்னும் ஒலி எழும். உதிரிப்பாகம் கிடைத்தற்கரிதாயிருந்த அந்நாளில், அரிதிற் கிடைத்த ஒன்றைத் தவறான இடத்திற் பூட்டி வீணாக்க எவர்க்கும் வழியில்லை. ஆதலின் எம்மூர்த் தொழிலாளர் முதலிற் கேட்டனர், பின்னரே கழற்றினர். வறுமை கற்பித்த அவ்வொழுக்கம், பாகங்கள் கடைதோறும் கிடைக்கத் தொடங்கியதும் தளர்ந்தது.

தளர்ந்தது நன்றாகுமோ? 2020 மார்ச்சில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. இடைப்பட்ட ஐந்தாண்டு காலமும் பழைய வண்டியைப் பேணுதலன்றி நடுத்தரக் குடும்பங்களுக்கு வேறு வழி இருந்திலது. தடை நீங்கியும் ஆசிரியர் ஒருவருடைய சம்பளத்துக்குப் புதுவண்டி எட்டாக்கனியே.

இனி, கேட்கும் முறையைக் காண்போம். அகப்பொருள் கற்றார் முதற்பொருளாவன நிலமும் பொழுதும் என்பதை அறிவர். பாட்டின் பொருள் விளங்க அவ்விரண்டும் எத்துணை இன்றியமையாதனவோ, எஞ்சினின் ஒலி விளங்கவும் அத்துணை இன்றியமையாதன.

முதலிற் பொழுது. குளிர்ந்த எஞ்சினிற் கேட்டு, சூடேறச் சூடேறத் தணியும் ஒலி ஒருவகை; பிஸ்டன் தன் குழலில் தளர்ந்து ஆடுவதாகலாம், புகைபோக்கி இணைப்பிற் கசிவாகவும் ஆகலாம். சூடேறிய பின்னரே தோன்றும் ஒலி மற்றொருவகை. எண்ணெய் இளகிய பின் தேய்ந்த பெயரிங் தன்னைக் காட்டிக்கொடுப்பது அது. பாரம் ஏறும்போது மட்டும் 'கிணிகிணி' என்றால், பொறி விழுங்காலம் முந்தியிருத்தலோ, உள்ளே கரி படிந்திருத்தலோ, பெற்றோலின் தரக் குறைவோ காரணமாகலாம். யாழ்ப்பாணத்துச் சமநிலத்தில் வாய் திறவாத வண்டி, கடுகண்ணாவை ஏற்றத்தில் வாய் திறப்பது இதனாலேயே. நின்ற நிலையில் எஞ்சினை விரைவாக்கியும் கேளாத ஒலி ஓடும்போது மட்டும் கேட்குமாயின், முதலிற் சக்கரத்தையும் பின்னச்சையும் ஐயுறுக. கிளச்சை மிதித்ததும் மறையும் ஒலி கியர்ப் பெட்டியினது. மிதித்ததும் தோன்றும் ஒலி பெரும்பாலும் கிளச்சின் பெயரிங்கினது.

அடுத்தது நிலம். நீண்டதோர் உலர்ந்த தடியின் ஒரு நுனியை எஞ்சினின் அசையாத பகுதியிலும் மறுநுனியைக் காதோரத்து எலும்பிலும் வைத்தால், ஒலி எவ்விடத்தில் வலுக்கின்றது என்பது தெளிவாகும். கசியும் காற்றொலிக்குத் தடி உதவாது. இரப்பர்க் குழாயொன்றைக் காதருகே பிடித்து, மறுமுனையை இணைப்புகளின் அருகே நகர்த்துதல் வேண்டும். மொறிஸ் மைனரில் விசிறிப் பட்டி ஒன்றே டைனமோவையும் நீர்ப்பம்பியையும் சுழற்றும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அப்பட்டியைக் கழற்றி ஒரு நிமிடத்துக்கு மேற்படாமல் ஓடவிட்டுப் பார்க்க. ஒலி மறைந்ததாயின், எஞ்சினைத் திறக்க வேண்டியதில்லை, நோய் வெளியிலுள்ளது.

மூன்றாவது அளவு. கண்ணிமைப்பொழுதும் கைந்நொடிப்பொழுதும் ஒரு மாத்திரை என்றும், குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்றும் மாணாக்கர்க்குக் கற்பிக்கின்றோம். எஞ்சினிலும் இவ்வரையும் ஒன்றும் உண்டு. கிராங்குத் தண்டு இரண்டு முறை சுழலும்போது வால்வுகளை இயக்கும் தண்டு ஒரு முறையே சுழலும். நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும் எஞ்சினில், தளர்ந்த வால்வு ஒன்று 300 முறையே தட்டும். ஆதலின் எஞ்சினின் நடைக்குப் பாதி நடையில் மேலிருந்து எழும் மெல்லிய 'டிக் டிக்' ஒலி பெரும்பாலும் வால்வினது. மொறிஸ் மைனரின் 948 கனசென்ரிமீற்றர் எஞ்சினில், குளிர்ந்த நிலையில் அவ்விடைவெளி 0.012 அங்குலமாயிருத்தல் வேண்டும். இடைவெளி அளக்கும் தகடும் ஒரு காலைப் பொழுதும் இருந்தால் வீட்டிலேயே சீர்செய்யலாம். கீழிருந்து எழும் கனத்த 'டொக் டொக்' அத்தகையதன்று. ஒவ்வோர் உருளையாகப் பிளக்கின் தொடர்பை நிறுத்திப் பார்க்கையில் எவ்வுருளையை நிறுத்தியபோது அது தணிகின்றதோ, அங்கேயுள்ள தண்டின் பெயரிங் தேய்ந்தது எனலாம். இச்சோதனை பழைய வண்டிக்கே உரியது. அதனையும் மின்தாக்கு அறிந்தவரே செய்தல் வேண்டும்.

ஒரு செய்தியைச் சான்றாகக் கூறுவோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய மொறிஸ் மைனர் 'டிக் டிக்' என ஒலித்தது. வால்வு என்றனர், இருமுறை சீர்செய்தனர், ஒலி தீரவில்லை. எஞ்சினை முற்றாகத் திறத்தல் வேண்டும் என்று கூறப்பட்ட தொகை அவருடைய பல மாத ஓய்வூதியத்துக்குச் சமமாயிருந்தது. உயர்தர வகுப்பிற் பயிலும் அவருடைய பேர்த்தி மூன்று நாள் கொப்பியொன்றிற் குறிப்பு எழுதினாள். காலையில் உண்டு, பத்து நிமிடத்தின் பின் இல்லை, மாலையில் ஆறியபின் மீண்டும் உண்டு. அவ்வளவே. அக்குறிப்பைப் படித்த முதிய தொழிலாளர் ஒருவர் வால்வு மூடியைத் தொடவேயில்லை. இரப்பர்க் குழாயைப் புகைபோக்கி இணைப்பின் அருகே பிடித்தார். ஒட்டுத்தகடு எரிந்து, குளிர்ந்த வேளையிற் புகை துள்ளி வெளிப்பட்டுக்கொண்டிருந்தது. இரும்பு சூடேறி விரிந்ததும் துளை அடைபட்டது. ஒரு தகட்டின் விலையோடு காரியம் முடிந்தது. எஞ்சினைக் காத்தது அப்பிள்ளையின் மூன்று வரி உரைநடை.

கணினி பொருத்திய வண்டிகள் தம் நோயைத் தாமே சொல்லுமே, செவிப்பயிற்சி எதற்கு என்று வினவுவார் உளர். பழைய வண்டியிற் கணினி இல்லை. புதிய வண்டியிலும் தளர்ந்த சைலன்சரையும் தேய்ந்த சக்கரப் பெயரிங்கையும் கணினி பெரும்பாலும் அறியாது. கைப்பேசியில் ஒலியைப் பதிவுசெய்தல் நல்லதே. ஆயின் பொழுதும் நிலமும் சொல்லாத பதிவு, திணை தெரியாத பாட்டுப் போலாகும்.

வீட்டு ஆராய்ச்சிக்கு எல்லையும் உண்டு. திறந்த வெளியிலன்றி மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுதல் ஆகாது. அதன் புகையில் மணமற்ற நஞ்சுண்டு. கியரை நீக்கி, கைத்தடை இட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்த பின்னரே குனிதல் வேண்டும். சால்வை, சேலைத் தலைப்பு, தாழ்ந்த கூந்தல் ஆகியன சுழலும் விசிறியின் அருகே வரலாகாது. எந்த ஒலி கேட்பினும் முதலில் எண்ணெய் அளவைப் பார்க்க. ஓடும்போது எண்ணெய் விளக்கு எரிந்தாலோ, அடியிலிருந்து கனத்த ஒலி எழுந்தாலோ, அக்கணமே எஞ்சினை நிறுத்துக. வீடு வரை ஓட்டிப் பார்ப்போம் என்ற துணிவு எஞ்சினையே கொல்லும்.

இனி ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். இரட்டைக்கிளவியைக் கற்பிக்குங்கால், பிரித்தாற் பொருள் தராதது என்னும் விதியோடு நின்றுவிடுகின்றோம். மாணாக்கன் விதியை எழுதிப் புள்ளி பெறுகின்றான். 'கடகட'வுக்கும் 'கிலுகிலு'வுக்கும் உள்ள வேறுபாட்டைச் செவியால் அறியான். தொழிலாளர் அறிவர். உலர்ந்த பெயரிங் 'நறநற' என்னும். தளர்ந்த பட்டி 'கீச்' என்னும். முன்புறத்துச் சங்கிலி நீண்டால் 'கிலுகிலு' என்னும். அவர்கள் வாயில் இச்சொற்கள் வெறும் அணியல்ல. ஒவ்வொன்றும் ஒரு நோயின் பெயர். இசை, குறிப்பு, பண்பு என்னும் மூன்றின்வழி உரிச்சொல் பிறக்கும் என்ற இலக்கணத்துக்கு இதனினும் உயிருள்ள விளக்கம் எங்கே கிடைக்கும்?

மண்ணெண்ணெய்க் காலத்தில் வண்டி ஓட்டியவரும் திருத்தியவரும் இன்று முதுமையெய்தி வருகின்றனர். ஒவ்வொரு பாடசாலையும் ஒரு கிழமை மாணாக்கரை அருகிலுள்ள கராஜுக்கு அனுப்புக. அவர்கள் கேட்கும் ஒவ்வோர் ஒலிக்கும் தொழிலாளர் இட்ட பெயரையும், அது எழும் பொழுதையும் இடத்தையும் எழுதி வருவாராக. கட்டுரைப் பாடத்துக்கு அதுவே போதிய பொருள். அக்கொப்பிகள் சேர்ந்தால், தமிழுக்கு ஒரு சொற்றொகுதியும், பழைய வண்டியை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு கைநூலும் ஒருங்கே கிடைக்கும்.