ஐந்துக்கு ஐந்து

வைகாட்டோ நியூசிலாந்தின் மிக நீளமான ஆறு; நீளம் சுமார் 425 கி.மீ. 1863-ல் பிரிட்டிஷ் படை அதன் கரையோரப் பகுதிக்குள் புகுந்தது. போரைத் தொடர்ந்து அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் பறிமுதலானது. நிலத்தோடு ஆற்றைப் பற்றிப் பேசும் உரிமையும் பறிபோயிற்று. அதை ஓரளவேனும் மீட்டுத் தந்தவை 2010-ல் இயற்றப்பட்ட சட்டங்கள். அவற்றின்படி அமைந்த வைகாட்டோ ஆற்று ஆணையத்தில் அரசு நியமிப்போர் 5 பேர், ஆற்றங்கரை மாவோரி குலங்கள் நியமிப்போர் 5 பேர். இந்தச் சமபங்கில் யாரும் கைவைக்கக் கூடாது.

சமபங்கு ஏன் வேண்டும்? ஆற்றின் நோயை ஒரு கண்ணால் மட்டும் பார்த்துவிட முடியாது. பால்பண்ணை மேய்ச்சல் நிலங்களின் நைட்ரஜன் நிலத்தடி நீரில் இறங்கி, சில இடங்களில் பல பத்தாண்டுகள் கழித்தே ஆற்றுக்கு வந்து சேர்கிறது. கரையில் நிற்பவர் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் அது புலப்படாது. ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். ஆனால் விலாங்கின் கதை வேறு. தலைமுறைகளாக மாவோரிகளின் உணவான இந்த மீன் பல பத்தாண்டுகள் நன்னீரில் வாழ்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போய் மடிகிறது. குஞ்சுகள் ஆற்றில் ஏறி வருகின்றன. 1929-ல் திறந்த அராபுனி தொடங்கி, வைகாட்டோவை மறித்த மின்அணைகள் இந்த வழியை அடைத்துவிட்டன. கராபிரோ அணையடியில் குஞ்சுகளைப் பிடித்து மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். கடலுக்குத் திரும்பும் பெரிய விலாங்குகளோ விசையாழிகளில் சிக்கிச் சாகின்றன. நைட்ரஜன் அளவை மட்டும் குறிக்கும் பதிவேட்டில் இந்த இழப்புக்கு இடமே இல்லை. எந்தப் பருவத்தில் விலாங்கு இறங்கும், எந்த மடுவில் தங்கும் என்பது வலை வீசியவர்களின் அறிவு.

இரண்டு அறிவும் சேர்ந்ததால்தான் இலக்கே மாறியது. ஆறு முழுவதும் மக்கள் அச்சமின்றி நீந்தவும் அதிலிருந்து உணவு எடுக்கவும் முடிய வேண்டும் என்கிறது வைகாட்டோவுக்கான தொலைநோக்குத் திட்டம். அதை எட்ட நைட்ரஜன், பாஸ்பரஸ், வண்டல், நோய்க்கிருமி ஆகிய நான்கையும் குறைக்க வேண்டும் என்று 2016-ல் வட்டார மன்றம் வகுத்த வரைவு, 80 ஆண்டுக் கெடு வைத்தது. இலக்கைச் சொன்னது குலங்களின் வாழ்க்கை. அளவைச் சொன்னது அறிவியல்.

தேர்தலில் நிற்காதவர்களுக்குச் சம இடம் தருவது ஜனநாயகமா என்று சிலர் கேட்கிறார்கள். அந்த இடங்கள் சலுகையல்ல. பறித்ததற்கு ஈடாகச் சட்டம் ஒப்புக்கொண்ட கடன். இடம் தராமல், குலப் பெரியவர்களை அழைத்துக் கருத்துக் கேட்டுக் குறித்துக்கொண்டு, முடிவை வேறோர் அறையில் எடுப்பது அறிவைப் பகிர்வதாகாது. தண்ணீர்ச் சட்டங்களை எந்த அரசு திருத்தினாலும், அந்த 5 இடங்களும் அவற்றின் வாக்குரிமையும் அப்படியே இருக்கட்டும்.