புது டிஸ்க்கின்மேல் பழி

புது மருமகள் வந்த அன்று பால் பொங்கி வழிந்தால் பழி யார்மேல்? மடிக்கணினியில் புது ஹார்ட் டிஸ்க் பொருத்தியபின் அது அடிக்கடி நின்றுபோனாலும் இதே நியாயந்தான் வழங்குகிறது. நமது அபிப்பிராயம் வேறு. பெரும்பாலான ஸாட்டா டிஸ்க்குகள் ‘ஸ்மார்ட்’ என்னும் குறிப்பைத் தாமே எழுதி வைக்கின்றன. அதில் 5-ஆம் இனத்தின் தொகை நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க்கே பழுது, திருப்பிக் கொடுத்துவிடலாம். 199-ஆம் இனம் (சில நிரல்களில் ‘ஸி7’ என்றிருக்கும்) ஏறினால், டிஸ்க்குக்கும் கணினிக்கும் நடுவே செய்தி சிதைகிறது. கேபிளையோ இணைப்பு முனையையோதான் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் அசையவில்லையா? மூடியைத் திறந்தபோது ராம் சற்றே நெகிழ்ந்திருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்து அதை அழுத்திப் பொருத்தியபின், மெம்டெஸ்ட்86 ஓர் இரவு முழுதும் ஓடட்டும். காரணம் புலப்படும்வரை பழைய டிஸ்க்கை அழித்துவிடலாகாது. குழந்தைகளின் படங்கள் பிசகின்றி இருப்பது அதில் மட்டுமாகவும் இருக்கலாம்.