பத்து நாள் ஊழியமும் மூன்று கல் அடுப்பும்



போன இதழில் ஓவர்ரைம் கணக்கைப் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை சம்பளம் இல்லாத ஒரு வேலையைப் பற்றி எழுதப்போகிறேன். சம்பளம் இல்லாதது மட்டுமல்ல, நாங்களே காசு கட்டிப் போய்ச் செய்கிற வேலை.

எங்கள் தமிழ்ச் சபை ஸ்காபரோவில் ஒரு கனேடியத் தேவாலயத்தின் மண்டபத்தில் ஞாயிறு பின்னேரங்களில் கூடுகிறது. அந்தத் தேவாலயத்தார் வருடாவருடம் ஒரு குழுவைக் குவாத்தமாலாவுக்கு அனுப்புகிறார்கள். பத்து நாள். மலைக்கிராமங்களில் புகைபோக்கி வைத்த அடுப்புகளைக் கட்டிக்கொடுத்து, அங்குள்ள சபையோடு சேர்ந்து ஆராதனை செய்துவிட்டுத் திரும்புவார்கள். இதைத்தான் குறுகியகால மிஷன் என்று சொல்கிறார்கள். இந்தமுறை தமிழ்ச் சபையிலிருந்தும் நாலு பேர் வரலாம் என்று அழைப்பு வந்தது.

"தம்பி, நீர் கைவேலை தெரிந்த ஆள். உமது பெயரைப் போடட்டோ?" என்று போதகர் கேட்டார். ரிக்கற், சாப்பாடு, தங்குமிடம், சாமான் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2,400 டொலர்.

பெயர் கொடுக்க முதல் மூன்று பேரோடு கதைத்தேன். மூவரும் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். எங்கள் பிள்ளைகளும் இப்படியான பயணங்களுக்குப் பெயர் கொடுக்கத் தொடங்கிவிட்டபடியால் அந்தக் கேள்விகளை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் கேள்வி என் மனைவியுடையது. "2,400 டொலருக்கு அங்க எத்தின அடுப்புக் கட்டலாம்? நீங்க போகாம அந்தக் காச அனுப்பினா என்ன?"

இது சும்மா தட்டிக்கழிக்கிற கேள்வி இல்லை. இந்த வகைப் பயணம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெருகியது. 1957இல் ஜோர்ஜ் வேர்வர் என்ற மாணவர் இரண்டு நண்பர்களோடு மெக்சிக்கோவுக்குப் புத்தகம் கொண்டுபோனதிலிருந்து ஒரு பெரிய அமைப்பு வளர்ந்தது. 1960இல் இளைஞருக்கான இன்னொரு அமைப்பு தொடங்கியது. 2005 அளவில் அமெரிக்காவிலிருந்து மாத்திரம் வருடத்துக்கு 16 இலட்சம் பேர் இப்படிப் போய்வந்தார்கள் என்று றொபேட் வத்னோ என்ற ஆய்வாளர் கணித்தார்.

இவ்வளவு பேர் போய் என்ன நடந்தது? 1998 ஒக்டோபர் கடைசியில் 'மிச்' சூறாவளி ஹொண்டுராஸ் நாட்டை அழித்தது. வீடு கட்டிக்கொடுக்க வட அமெரிக்காவிலிருந்து குழு குழுவாகப் போனார்கள். அந்த நாட்டில் வாழ்ந்த கேர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர், வீடு பெற்றவர்களையும் போய்க் கட்டியவர்களையும் விசாரித்து 2006இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். ஒரு வீட்டுக்கு முடிந்த காசு ஏறக்குறைய 2,000 டொலர். ஒரு குழு வந்துபோக முடிந்த காசு ஏறக்குறைய 30,000 டொலர். வெளிநாட்டார் கட்டிய வீட்டில் இருந்தவர்களுக்கும் உள்ளூர் அமைப்பு கட்டிய வீட்டில் இருந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. போய்வந்தவர்களில் பலர் தங்களிடம் நல்ல மாற்றம் வந்ததாகச் சொன்னார்கள். ஆனால் பிறகு அவர்கள் கொடுத்த காணிக்கைக் கணக்கைப் பார்த்தால் அதில் அந்த மாற்றம் பெரிதாகத் தெரியவில்லை.

மனைவி கணக்கில் சரி. ஊருக்கு மாதாமாதம் காசு அனுப்புகிற எங்களுக்கு இந்தக் கணக்கு வெள்ளைக்காரரைவிட வேகமாக விளங்கும். அம்மாவின் மருந்துக்காசில் கைவைத்து ஊழியத்துக்குப் போக எந்த வேதமும் சொல்லவில்லை.

இரண்டாவது கேள்வி எங்கள் மாடியில் இருக்கிற அண்ணருடையது. கோயில் திருவிழா என்றால் ஒருநாளும் தவறவிடாதவர். "அடுப்பைக் குடுத்துப்போட்டு ஆக்களை மாத்தவோ தம்பி போறியள்?" என்று பகிடியாகக் கேட்டார். பகிடிக்குள் நியாயம் இருந்தது.

சுனாமி முகாமில் இருந்தவர்களுக்கு இது தெரியும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. நான் மட்டக்களப்பில் நாவலடிப் பக்கம். அப்போது 14 வயது. பள்ளிக்கூட முகாமுக்கு எத்தனையோ பேர் உதவியோடு வந்தார்கள். பெரும்பாலானோர் நல்ல மனதோடு வந்து, தந்துவிட்டுப் போனார்கள். சிலர் ஒரு கையில் சோற்றுப் பார்சலும் மறு கையில் துண்டுப்பிரசுரமுமாக வந்தார்கள். பசித்தவன் அந்த நேரத்தில் எதற்கும் தலையாட்டுவான். அந்தத் தலையாட்டலை விசுவாசம் என்று எழுதிக்கொண்டு போவது சரியில்லை. இதைக் கிறிஸ்தவனாக இருந்துகொண்டே சொல்கிறேன். செஞ்சிலுவைச் சங்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த அனர்த்த நிவாரண நடத்தைக் கோவையிலும், உதவியை மதத்தையோ அரசியலையோ பரப்பப் பாவிக்கக்கூடாது என்றுதான் இருக்கிறது.

ஆகவே குழுத்தலைவரிடம் நேரே கேட்டேன். அடுப்பு யாருக்கு என்று யார் தீர்மானிக்கிறார்கள்? சபைக்கு வராதவர்களுக்கும் கிடைக்குமா? கிராமக்குழு கொடுக்கிற பட்டியலின்படிதான், சபைக்கு வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான் என்றார். எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். காட்டினார். அண்ணருக்கும் அதைச் சொன்னேன். "அப்ப சரி" என்றார்.

மூன்றாவது கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அதைக் கேட்டவர் எங்கள் லைனில் எனக்குப் பக்கத்தில் நின்று பிளாஸ்ரிக் மூடி பொறுக்குகிற அக்கா. குவாத்தமாலாவைச் சேர்ந்த மாயா இனத்தவர். 1984இல் பதினேழு வயதில் கனடாவுக்கு அகதியாக வந்தவர்.

அவருடைய நாட்டில் 1960 முதல் 1996 வரை 36 வருடம் உள்நாட்டுப் போர். 200,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமற்போனார்கள் என்று உண்மை அறியும் ஆணைக்குழு 1999இல் சொன்னது. அடையாளம் காணப்பட்டவர்களில் நூற்றுக்கு 83 பேர் மாயா இனத்தவர். எங்களுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

மலைப்பக்கத்தில் இன்றைக்கும் பல வீடுகளில் நிலத்தில் மூன்று கல் வைத்து விறகு எரித்துத்தான் சமையல் என்றார் அக்கா. எங்கள் அம்மாமாரின் அதே அடுப்பு! புகை வீட்டுக்குள்ளேயே நிற்கும். கண் எரியும், நெஞ்சு அடைக்கும், தவழுகிற பிள்ளை நெருப்பில் விழும். அதற்காகத்தான் கல்லால் உயர்த்திக் கட்டி, மேலே இரும்புத்தட்டுப் போட்டு, புகைபோக்கிக் குழாயைக் கூரைக்கு மேலே விடுகிறார்கள். விறகும் குறையும். நல்ல வேலைதான்.

"அடுப்பு நல்லது. ஆனால் அதைக் கட்ட அங்கே மேசன் இல்லையா? நீ அவனுக்கு என்ன சொல்லிக் கொடுக்கப்போகிறாய்?" என்று கேட்டார் அக்கா. பிறகு இன்னொன்றும் சொன்னார். தட்டு சின்னதாக இருந்தால் ஒரு நேரத்தில் போதிய சோளரொட்டி சுட ஏலாது. உயரம் கூடினால் கட்டையான கிழவிக்குக் கை எட்டாது. அப்படியான அடுப்பின்மேல் சட்டிபானை அடுக்கிவைத்துவிட்டுப் பக்கத்திலே பழையபடி மூன்று கல் வைத்துச் சமைப்பார்களாம். "கட்ட முதல் சமைக்கிறவளைக் கேள்" என்றார்.

அக்கா சொன்னபோது எங்கள் அப்பாவின் தோணி நினைவுக்கு வந்தது. முகாமுக்கு வந்தவர்களில் பலர் எங்களைப் படம் பிடித்தார்கள். மட்டக்களப்பு வெயிலுக்கு எனக்குக் கம்பளிச் சட்டை ஒன்றும் கிடைத்தது. ஆனால் ஒரு வெள்ளைக்காரர் மாத்திரம் மூன்று கிழமை நின்றார். தச்சுவேலைக்காரர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. உடைந்த தோணிகளை எங்கள் ஆட்கள் திருத்துகிற இடத்துக்கு வந்து, அப்பா கையால் காட்டக் காட்ட எடுபிடி வேலை செய்தார். பிழையாகச் செய்தால் அப்பா கையில் தட்டுவார். அவர் சிரிப்பார். கடல் எல்லாவற்றையும் கொண்டுபோன பிறகு அப்பா ஒருவருக்கு வேலை பழக்கியது அப்போதுதான். அன்றிரவு அப்பா வாய்திறந்து கதைத்தார், சாப்பிட்டார். அந்த மனிதர் கொண்டுவந்த சாமான் என்னவென்று எனக்கு ஞாபகமில்லை. அப்பாவுக்கு அவர் உதவியாளாக நின்றது ஞாபகம் இருக்கிறது.

பத்து நாள் ஊழியத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். போகிறவன் மேசனாகப் போகக்கூடாது. மேசனுக்குக் கூலியாளாகப் போகவேண்டும்.

எங்கள் சரித்திரத்திலும் மிஷன்காரர் உண்டு. 1816இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணம் வந்தது. உடுவில் மகளிர் பாடசாலை 1824இல் தொடங்கியது. வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்து, மானிப்பாயில் வைத்தியம் செய்து, தமிழ் படித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்துவிட்டு 1873இல்தான் இறுதியாகத் திரும்பிப்போனார். அவர்கள் செய்ததில் எல்லாமே சரி என்று நான் வாதாடவில்லை. ஆனால் அவருக்கு எங்கள் பாஷை தெரியும். குவாத்தமாலாவில் மாயா மொழிகள் மாத்திரம் இருபதுக்கு மேல். பத்து நாளில் வணக்கமும் நன்றியும் சொல்லப் பழகலாம். அவ்வளவு தெரிந்தவன் படிப்பிக்கப் போகக்கூடாது, படிக்கத்தான் போகலாம்.

இனி, போக நினைக்கிற எங்கள் ஆட்களுக்குச் சில காரியங்கள். குழுவில் வருகிற கனேடியர்களுக்கு இவை தேவைப்படாது. எங்களுக்குத் தேவை.

நான் 2010 ஓகஸ்டில் 'சன் சீ' கப்பலில் வந்த 492 பேரில் ஒருவன். இன்னும் குடியுரிமை எடுக்கவில்லை. என்னைப்போன்றவர்கள் கனடா கொடுக்கிற அகதிப் பயணப் பத்திரத்தில்தான் போகவேண்டும். எந்த நாட்டைவிட்டு ஓடிவந்தோமோ அந்த நாட்டுக்கு அது செல்லாது. மற்ற நாடுகளுக்கும் அதை வைத்துக்கொண்டு விசா வேண்டுமா என்பதை அந்தந்த நாட்டுத் தூதரகத்திடமே கேளுங்கள். "எல்லாரையும்போல போகலாம்" என்று குழுத்தலைவர் சொன்னால் நம்பவேண்டாம். அவர் கனேடியக் கடவுச்சீட்டை நினைத்துச் சொல்கிறார். அமெரிக்காவில் விமானம் மாறுவதென்றாலும் எங்களுக்கு அமெரிக்க விசா வேண்டும். திரும்பி வர நிரந்தர வதிவிட அட்டையின் திகதி முடியாமல் இருக்கவேண்டும்.

முக்கியமானது இது. விசா சுகம் என்று சொல்லி இலங்கைக் கடவுச்சீட்டை எடுக்கவோ புதுப்பிக்கவோ வேண்டாம். அது அகதி அந்தஸ்தை நீக்குவதற்குக் காரணமாகலாம். 2012 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள சட்டப்படி அதோடு சேர்ந்து நிரந்தர வதிவிடமும் போகலாம். ஒரு வழக்கறிஞரிடம் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். பத்து நாளுக்காகப் பத்து வருடத்தைப் பணயம் வைக்கக்கூடாது.

அடுத்தது லீவு. ஒன்ராறியோவில் ஒரு வருடம் வேலை செய்தால் இரண்டு கிழமையும், ஐந்து வருடம் முடிந்தால் மூன்று கிழமையும் லீவு உண்டு. ஆனால் அதை எப்போது தருவது என்று தீர்மானிப்பது முதலாளி. ரிக்கற் போட முதல் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஏஜென்சியால் வேலைக்குப் போகிறவர்கள் இரண்டுமுறை யோசியுங்கள். சுகாதார அட்டை வெளிநாட்டு ஆஸ்பத்திரிச் செலவைச் சரியாகக் கட்டாது. பயணக் காப்புறுதி இல்லாமல் போகவேண்டாம். தடுப்பூசி பற்றி டொக்ரரிடம் நேரத்தோடு கேளுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் மிகக் கவனம். 2010 ஜனவரியில் ஹெயிட்டி பூகம்பத்துக்குப் பிறகு அமெரிக்கத் தேவாலயக் குழுவைச் சேர்ந்த பத்துப் பேர், அனாதைகள் என்று சொல்லி 33 பிள்ளைகளை எல்லை கடத்திக் கொண்டுபோகப் பார்த்துப் பிடிபட்டார்கள். விசாரித்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாய்தகப்பன் உயிரோடு இருந்தார்கள்! நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு மாத்திரம் போதாது. பிள்ளைகளோடு வேலை என்றால் பொலிஸ் சான்றிதழ் கேட்கிற குழுவோடு போங்கள். தாயிடம் கேட்காமல் பிள்ளையைப் படம் பிடிக்காதீர்கள். நாங்கள் அந்தப் படங்களுக்குள் நின்றவர்கள்.

நான் பெயர் கொடுத்துவிட்டேன். அதற்கு முதல் குழுவிடம் மூன்று விஷயம் கேட்டேன். வேலைக்கு உள்ளூர் மேசன் தலைமை தாங்கவேண்டும், அவருக்கு முழுக்கூலி கொடுக்கவேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் சமைக்கிற பெண்ணைக் கேட்டுத்தான் உயரமும் தட்டின் அளவும் போடவேண்டும். ஒவ்வொருவரும் தன் பயணத்துக்குச் சேர்க்கிற காசில் பாதியளவாவது மேலதிகமாக அடுப்புக்கென்று சேர்க்கவேண்டும். முதல் இரண்டுக்கும் உடனே சம்மதித்தார்கள். மூன்றாவதுக்கு ஒரு கூட்டம் வைத்து, காற்பங்கு என்று முடிவெடுத்தார்கள். எங்கள் நாலு பேரும் பாதி என்றே நிற்கிறோம்.

காசு சீட்டிலிருந்தும் சனிக்கிழமை ஓவர்ரைமிலிருந்தும் வருகிறது. அம்மாவுக்கு அனுப்புவது அப்படியே போகும். தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னபோது, "அடுப்ப வாசல் காத்து அடிக்காத பக்கமாப் பாத்து வை மனே" என்றார். ஊழியத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த புத்திமதிகளில் இதுவும் ஒன்று. குறித்து வைத்திருக்கிறேன்.

விசா இன்னும் வரவில்லை. வந்தால் போவேன். வராவிட்டால் என் பங்குக் காசு முழுவதையும் அந்தக் கிராமக்குழுவுக்கு அனுப்புவதென்று மனைவியும் நானும் முடிவெடுத்திருக்கிறோம். எப்படியும் அடுப்பு எரியும்.

போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தை இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள். நல்லது கெட்டது இரண்டையும் எழுதுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.