இரண்டாண்டுப் படிப்பு வீண்தானா?

கல்குடாத் தொகுதி மக்களுக்குப் பல்கலைக்கழகம் என்பது தூரதேசத்துச் சமாசாரமன்று. வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் பெருந்தெருவால் ஓடும் பஸ் வண்டிகள் யாவும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வாசலைத் தாண்டியே போகின்றன. வாகரையிலும் கிரானிலும் சித்தாண்டியிலும் ஏறிவரும் இளைஞருள் ஒரு சாரார் வந்தாறுமூலையில் இறங்குகின்றனர். மற்றொரு சாரார் இறங்குவதில்லை. அவர்கள் மட்டக்களப்பிலுள்ள உயர் தொழில்நுட்பவியல் நிறுவகத்தை நாடி அப்பாற் செல்கின்றனர். பலர் விஷயத்தில் இவ்விரு சாராருக்கும் இடையேயுள்ள வித்தியாசம், இசட் புள்ளியிலே தசமத்துக்குப் பின்வரும் ஓரிரு இலக்கங்களே. அவ்விலக்கங்கள் ஒரு பிள்ளையின் வாழ்நாள் முழுமைக்கும் தீர்ப்பாக நிற்றல் நியாயமா என்பதே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

ஆண்டுதோறும் உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்து பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறுவோர் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். இடம் கிடைப்பதோ ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர்க்கே. எஞ்சியோர் மூடர்கள் அல்லர். தகுதியுடையோர் என்று அரசாங்கமே எழுத்தில் ஒப்புக்கொண்டவர்கள். அவர்களுள் ஒரு பகுதியினர் 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவான உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் கிளைகளிலே சேர்ந்து, கணக்கியல், தகவல் தொழில்நுட்பம், ஆங்கிலம், பொறியியல் முதலிய துறைகளில் 2 ஆண்டுக்குக் குறையாமல், சில நெறிகளில் 4 ஆண்டு வரையிற்கூடப் பயின்று, உயர் தேசிய டிப்ளோமாப் பெறுகின்றனர். மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் திருகோணமலையிலும் இக்கிளைகள் உண்டு.

டிப்ளோமாக் கையில் வந்தபின் நடப்பது என்ன? நமது பல்கலைக்கழகங்களில் உள்வாரியாகப் பட்டம் படிப்பதற்குரிய பொதுவழி உயர்தரப் பெறுபேறு ஒன்றே. டிப்ளோமாவில் எத்துணைச் சிறப்பான சித்தி பெறினும், 2ஆம் ஆண்டிலோ 3ஆம் ஆண்டிலோ சேர்ந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்ற பொதுவான உரிமை அதனாற் கிட்டுவதில்லை. படித்த பாடங்களும் எழுதிய பரீட்சைகளும் கணக்கில் வாரா. 18 வயதில் எழுதிய ஒரு பரீட்சை பேசும். 21 வயதில் எழுதியது வாய்திறவாது!

வேறு வழியே இல்லையா என்று கேட்போர் உளர். உண்டு. திறந்த பல்கலைக்கழகம் உண்டு. அதன் நிலையம் மட்டக்களப்பிலும் இருக்கின்றது. தொழில்செய்துகொண்டே படிப்போர்க்கு அது பேருதவி. அதனை நாம் குறைத்துப் பேசோம். ஆனால் முழுநேரமும் வகுப்பிலிருந்து, ஆய்வுகூடத்தில் நின்று படிக்கவேண்டிய பிள்ளைக்கு அது முழு மாற்று ஆகாது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தொழில்நுட்பவியற் பல்கலைக்கழகம் உண்டு. அது இரத்மலானையில் இருக்கின்றது. முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள இடத்தில் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கொடுத்து மகனை இருத்தக்கூடிய மீனவர் வாகரையில் எத்தனை பேர்? மகளை அனுப்பத் துணிவோர் எத்தனை பேர்?

இவற்றினும் விந்தையானது மூன்றாவது வழி. தலைநகரத்துத் தனியார் நிறுவனங்கள் பல, பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களின் இறுதியாண்டுப் படிப்பை இங்கேயே நடத்துகின்றன. டிப்ளோமாப் பெற்றவன் இலட்சக்கணக்கிற் பணம் கட்டினால், ஓராண்டில் பட்டதாரியாகலாம். கடல்கடந்த நாட்டுப் பல்கலைக்கழகம் அவனது டிப்ளோமாவை மதித்து வாசலைத் திறக்கின்றது. தன் தகப்பன் கட்டிய வரிப்பணத்தில் நடைபெறும் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ அவனுக்கு நுழைவில்லை. இலவசக் கல்வி என்று 1945 முதல் நாம் பெருமை பேசிவரும் நாட்டிலே, பணம் உள்ளவனுக்கு மட்டும் இருக்கும் குறுக்குப்பாதை இது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகப் பிறந்ததன்று. 1981 ஆகஸ்ட் 1ஆந் திகதி, வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தின் கட்டடங்களிலே, பேராதனைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த ஒரு கல்லூரியாகவே அது தொடங்கிற்று. 1986 ஒக்டோபரிலேதான் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. திருகோணமலை வளாகத்தின் கதையும் அதுவே. இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாயிருந்து பின்பு வளாகமானது. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் 1995இல் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த ஆண்டே தரமுயர்ந்தது. ஏன், 1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகமே 1921 முதல் இலண்டன் பரீட்சைகளுக்கு மாணாக்கரை ஆயத்தஞ்செய்த பல்கலைக்கழகக் கல்லூரியின் வளர்ச்சியன்றோ? இந்த நாட்டில் கல்லூரி பல்கலைக்கழகமாக ஏறலாம். கல்லூரியிற் படித்த மாணாக்கன்மட்டும் ஏறக்கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

அமெரிக்க நாட்டில் இந்தப் பிரச்சினையை எப்படித் தீர்த்தனர் என்பதை நம்மவர் கவனித்தல் நன்று. 1960ஆம் ஆண்டிலே கலிபோர்னியா மாநிலம் உயர்கல்விக்கென ஒரு பெருந்திட்டம் வகுத்தது. பள்ளியிறுதி மாணாக்கருள் மேல்நிலையிலுள்ள எட்டில் ஒரு பங்கினர் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு, மேல்நிலை மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கு, ஏனையோர் யாவரும் தம் ஊரிலுள்ள இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரிக்கு என்பது ஏற்பாடு. அத்துடன் நின்றதா? இல்லை. சமுதாயக் கல்லூரியில் நன்கு தேறியோர் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டிற் சேரவேண்டும். அவர்களுக்கு இடம் இருத்தற்காகப் பல்கலைக்கழகத்தின் முதலிரண்டு வகுப்புகளில் 40 வீதத்தினரும் மேல்வகுப்புகளில் 60 வீதத்தினரும் இருக்குமாறு தொகையை வகுத்துக்கொண்டனர். வாசலைத் திறப்பதாக வாயாற் சொல்லி, உள்ளே இருக்கையில்லாமற் செய்யும் வித்தை அங்கு நடவாது. அக்கரைச் சீமை தூரமென்றால் தமிழகத்தைப் பார்ப்போம். அங்கே தொழில்நுட்பப் பயிலகத்தில் 3 ஆண்டு டிப்ளோமா முடித்தவர் பொறியியற் கல்லூரியில் நேரே 2ஆம் ஆண்டிற் சேர்கின்றார். அதனாற் பொறியியல் தரங்கெட்டு வானம் இடிந்துவிடவில்லை.

நமது நாட்டிலும் ஏட்டளவில் வழி வகுத்தாயிற்று. 2012இல் வெளியான இலங்கைத் தகைமைச் சட்டகம், உயர் டிப்ளோமாவை 4ஆம் படியிலும் பொதுப் பட்டத்தை 5ஆம் படியிலும் வைத்திருக்கின்றது. ஓராண்டுக் கல்விக்கு 30 திறமை அலகுகள் என்பது அதன் அளவை. அதன்படி உயர் டிப்ளோமாவுக்கு 60 அலகு, பட்டத்துக்கு 90. கூட்டிக் கழித்துப் பார்க்கப் பெரிய கணித பண்டிதர் வேண்டியதில்லை. ஏணியில் படிகளுக்கு இலக்கமிட்டவர்கள், ஒரு படியிலிருந்து அடுத்ததில் கால்வைக்க எல்லாப் பல்கலைக்கழகங்களையும் இணங்கச் செய்தார்களில்லை.

எதிர்ப்புரைப்போர் சொல்லும் நியாயங்களுள் ஒன்று கனமானது. பின்தங்கிய 16 மாவட்டங்களுள் மட்டக்களப்பும் ஒன்று. உயர்தரப் பரீட்சை வழியாக நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் இடங்களே சொற்பம். அதிலும் டிப்ளோமாக்காரருக்குப் பங்கிட்டால் கிராமத்துப் பிள்ளை என்ன செய்வான் என்கின்றனர். நாமும் இதை யோசித்தோம். முதலாம் ஆண்டில் ஓர் இடத்தையும் எடுக்கவேண்டாம் என்பதே நமது விடை. இடையிலே படிப்பை விட்டுச் செல்வோரால் மேல்வகுப்புகளில் வெறுமையாகும் இருக்கைகளை எண்ணிப் பாருங்கள். அவற்றை நிரப்பினால் எவனுடைய பங்கும் பறிபோகாது. தரம் குறையும் என்ற மற்றை வாதத்துக்கு நாம் அதிகம் பெறுமதி கொடுக்கவில்லை. டிப்ளோமா வகுப்புகள் ஆங்கிலத்திலே நடைபெறுகின்றன. முதலாம் ஆண்டில் நமது மாணாக்கர் பலர் தடுக்கி விழுவது அந்த ஆங்கிலத்திலேதான். சந்தேகமிருப்பின் ஒரு நுழைவுப் பரீட்சை வைத்துப் பார்க்கட்டும்.

இது பொறுமையாகக் காத்திருந்தால் தானே தீரும் விஷயமன்று. கணக்கியல் உயர் டிப்ளோமாவுக்குப் பட்டத்துக்குச் சமமான மதிப்பு வேண்டுமென்று கேட்டுக் கொழும்பு வாட் பிளேசில், மானியங்கள் ஆணைக்குழுவின் வாசலுக்கு வந்த மாணாக்கர், 2015 ஒக்டோபர் 29ஆந் திகதி பெற்ற விடை பொலிசாரின் குண்டாந்தடியும் கண்ணீர்ப்புகையுமே. மாணவியரும் அடிபட்டனர். கேட்டது அரச உத்தியோகத்துக்குரிய மதிப்பு. நாம் கேட்பது மேலே படிப்பதற்குரிய இடம். இரண்டும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள்.

1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ், உள்வாரி மாணாக்கரைத் தெரிவுசெய்யும் அதிகாரம் அந்த ஆணைக்குழுவிடம் இருக்கின்றது. ஆகவே வந்தாறுமூலை மூதவையைமட்டும் குறைகூறிப் பயனில்லை. ஆயினும் எந்த டிப்ளோமாப் பாடம் எந்தப் பட்டப் பாடத்துக்கு ஒப்பாகும் என்று வரிக்கு வரி ஒத்துப்பார்த்து அட்டவணை தயாரிக்க மூதவைக்கு எவர் தடை? வர்த்தக முகாமைத்துவப் பீடமும் விஞ்ஞான பீடமும் மட்டக்களப்பு நிறுவகத்து ஆசிரியர்களோடு அமர்ந்து அந்த வேலையை இந்த ஆண்டிலேயே தொடங்கலாம். மேல்வகுப்புகளில் வெறுமையாயுள்ள இடங்களின் தொகையையும் பீடம் பீடமாக வெளியிடலாம். அவ்விரண்டும் கையிலிருந்தால், மாவட்டத்தின் பாராளுமன்றப் பிரதிநிதிகள் கட்சிபேதமின்றி ஆணைக்குழுவிடம் சென்று, சோதனையாக முதல் மூன்றாண்டுகளுக்குச் சில இடங்களையேனும் ஒதுக்குமாறு கேட்கலாம். அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் உயர்கல்வி அமைச்சின் வாக்குப்பணம் எடுக்கப்படும்போது இந்தக் கேள்வி சபையில் எழுமா என்பதைக் கல்குடா வாக்காளருடன் சேர்ந்து நாமும் கவனித்திருப்போம்.