வழி காட்டினவர் பேரு எங்கே?

ஆப்பிரிக்காவின் உயரமான மலை எதுன்னு கேட்டா எல்லாரும் கை தூக்குவீங்க. கிளிமஞ்சாரோ! தான்சானியா நாட்டில் இருக்கு. உயரம் 5,895 மீட்டர். அது உறங்கும் எரிமலை.

உச்சியை முதலில் அடைந்தவர்கள் யார்? 1889-இல் ஜெர்மனியின் ஹான்ஸ் மேயர், ஆஸ்திரியாவின் லுட்விக் புர்ட்ஷெல்லர். இதுதான் நாம படிக்கிற விடை.

வெளிநாட்டிலிருந்து வந்தவங்களுக்குக் காட்டு வழி எப்படித் தெரிஞ்சுது? வழி காட்டினவர் யோஹானி கின்யாலா லாவோ என்று தான்சானியா மக்கள் போற்றுறாங்க. மராங்கு ஊர்க்காரர். அவர் பேரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கோம்?

இன்னைக்கும் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாம அங்கே ஏற முடியாது. உச்சியில் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடலோரத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். வேகமா ஏறினா தலைவலி, வாந்தி, உயிருக்கே ஆபத்து. அதனால வழிகாட்டிகள் "போலே போலே" என்பாங்க. சுவாஹிலி மொழியில் "மெல்ல மெல்ல" என்று அர்த்தம். யாருக்கு முடியலை, யாரைக் கீழே கூட்டிப் போகணும்னு கவனிக்கிறதும் அவங்கதான். ஆனா உச்சியில் எடுத்த போட்டோவைக் காட்டும்போது "நான் ஏறினேன்" என்றுதான் பலரும் சொல்றாங்க.

"காசு வாங்கிட்டுத்தானே வர்றாங்க?" என்று சிலர் கேக்கலாம். டாக்டரும்தான் காசு வாங்குறார். உயிரைக் காப்பாத்தினவர் பேரை மறப்போமா? கூலி வேற, மரியாதை வேற!

அடுத்த வினாடி வினாவில் இந்தக் கேள்வி வந்தா, லாவோ பேரையும் சேர்த்தே எழுதுவேன். மார்க் போனா போகட்டும். நீங்க என்ன செய்வீங்க?

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு