குடும்ப நலம்: ஆண்டுக்கணக்கில் ஒரு மாத்திரை

சென்ற இதழில் மழைக்காலத்துக் காய்ச்சல்களைப் பற்றி எழுதினோம். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் ஆண்டுக்கணக்கில் உட்கொள்ள வேண்டிய ஹார்மோன் மாத்திரைகளைப் பற்றி எழுதுமாறு நமது சங்கத்து மாதர் பகுதியினர் சிலர் இம்மாதம் கேட்டுக் கொண்டனர். நாம் வைத்தியம் பயின்றவரல்லோம். ரயில்வே அலுவலகக் குமாஸ்தா. எனினும், டாக்டர்கள் சொல்லக் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை, வீட்டாருக்குப் பயன்படும் அளவில் தொகுத்துத் தருகிறோம்.

மார்பகப் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை, உடலில் இயற்கையாய்ச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் தூண்டுதலால் வளர்பவை. அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்த பின்னரும், கண்ணுக்குப் புலப்படாத புற்றணுக்கள் சில எங்கேனும் ஒளிந்திருக்கலாம். அவற்றுக்கு அத்தூண்டுதல் கிட்டாமற் செய்வதே இச்சிகிச்சையின் நோக்கம். 1962-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்ஸன் என்ற பெண் விஞ்ஞானி ஆக்கிய டமாக்ஸிஃபென், புற்றணுவில் ஈஸ்ட்ரோஜன் வந்து பொருந்தும் இடத்தைத் தான் அடைத்துக் கொள்கிறது. மாதவிலக்கு நின்ற பெண்டிருக்குத் தரப்படும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகியவை ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே குறைத்து விடுகின்றன.

ஏன் இத்தனை ஆண்டுகள் என்று கேட்கலாம். டமாக்ஸிஃபெனை ஐந்தாண்டுகள் உட்கொண்டால், ஈஸ்ட்ரோஜனைச் சார்ந்த மார்பகப் புற்றுநோயால் நேரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று, 20 ஆய்வுகளை ஒன்று சேர்த்து 2011-இல் வெளியான தொகுப்பு காட்டியது. பத்தாண்டுகள் தொடர்ந்தால் மேலும் பயனுண்டு என்பது 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வின் முடிவு. எவருக்கு எத்தனை ஆண்டுகள் என்பதை டாக்டரே நிர்ணயிப்பார்.

இனித் தொல்லைகளுக்கு வருவோம். திடீரென முகமும் மார்பும் அனலாய்க் கொதித்தல், இரவில் வியர்த்துத் தூக்கம் கெடுதல், மனச்சோர்வு ஆகியவை இம்மாத்திரைகளால் நேரலாம். லெட்ரோசோல் வகையில் மூட்டுவலி மிகுதி; காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க மறுக்கும்; எலும்பின் வலுவும் குறையும். பிறரிடம் சொல்லக் கூசும் பெண்ணுறுப்பு வறட்சியும் எரிச்சலும் உண்டு. இவையெல்லாம் மருந்தினால் வருபவையே, மனப்பிரமையல்ல.

நமது குவார்ட்டர்ஸ் வரிசையில் ஓர் அம்மையார் இருக்கிறார். சிகிச்சை முடிந்து இரண்டாம் ஆண்டு நடந்து கொண்டிருந்தது. வீட்டார் அவர் குணமடைந்து விட்டதாகவே எண்ணியிருந்தனர். ஒருநாள் அவர் நம் இல்லத்தாரிடம், "தங்கச்சி, மாவு பிசையக் கை வரவில்லை. மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமாகிறது, வீட்டில் யாருக்கும் தெரியாது" என்று சொல்லிக் கண் கலங்கினாராம். பிரிக்கப்படாத மாத்திரை அட்டைகள் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தன. டாக்டரிடம் சொல்லலாகாதா என்று கேட்டதற்கு அவர் கூறிய விடை இது: "எனக்கு இந்தி வராது. பேசுவது என் மகன்தான். அவனுக்கு ஒருநாள் கூலி போகும். அதோடு, சில விஷயத்தை மகன் வாயால் எப்படியம்மா சொல்லச் சொல்வது?"

அயலூரில் வாழும் நம்மவர் இவ்விடையைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவரைத் தடுத்தது மொழியும் நாணமும், பிள்ளையின் கூலியுமே ஆகும். அடுத்த முறை நம் இல்லத்தார் உடன் சென்று, தமிழில் கேட்டதை இந்தியில் எடுத்துச் சொன்னார். டாக்டர் கடிந்து கொள்ளவில்லை. அதே வகையில் வேறொரு மாத்திரைக்கு மாற்றினார். எலும்பு அடர்த்திச் சோதனைக்கு எழுதித் தந்தார். நாள்தோறும் நடக்கச் சொன்னார். வலி முற்றிலும் தீர்ந்ததென்று சொல்வதற்கில்லை. ஆனால் மாவு பிசைகிறார், மாத்திரையும் உட்கொள்கிறார்.

செய்யத்தக்கவற்றைச் சுருங்கச் சொல்வோம். மூட்டுவலிக்கு முடங்கிக் கிடத்தல் மருந்தாகாது. வாரத்தில் 150 நிமிட நடையும், இருமுறை தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வலியைக் குறைத்தன என 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு தெரிவித்தது. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் தேவை. அளவை டாக்டரிடம் கேட்டறிக. உடற்சூட்டுக்கு மெல்லிய பருத்தியாடையும், படுக்கையருகே விசிறியும் தண்ணீரும் உதவும். காரமும் சூடான காப்பியும் அதைத் தூண்டுகின்றனவா என்று கவனித்துக் குறைக்கலாம். அது தாங்கவொண்ணாததாயின் அதற்கும் மருந்துண்டு. ஆயினும், மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகளுள் பராக்ஸெடின், ஃப்ளுவாக்ஸெடின் போன்ற சில, டமாக்ஸிஃபெனின் வேலையைக் கெடுக்கக் கூடும். ஆகவே எந்த மருந்தையும், நாட்டு மருந்தாயினும், டாக்டரைக் கேளாது சேர்த்தலாகாது. வறட்சிக்கு ஹார்மோன் கலவாத களிம்புகள் உள்ளன. ஹார்மோன் கலந்தவற்றைத் தாமாக வாங்குதல் கூடாது.

டமாக்ஸிஃபென் உட்கொள்வோர் இரு குறிகளைக் கண்டால் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒன்று, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், அல்லது திடீர் மூச்சுத் திணறல். இது இரத்தம் உறைந்ததன் அடையாளமாய் இருக்கலாம். மற்றொன்று, மாதவிலக்கு நின்றபின் தோன்றும் உதிரப்போக்கு. கருப்பையைப் பரிசோதிக்க வேண்டும். இவை அரிதாகவே நேர்வன. எனினும் அறிந்திருத்தல் நலம். ஊருக்கு நெடுந்தூரம் ரயிலில் செல்லும்போது ஒரே இடத்தில் அமர்ந்திராமல், அவ்வப்போது எழுந்து பெட்டிக்குள் நடப்பதும், தண்ணீர் பருகுவதும் நன்று.

ரயிலைப் பற்றி நமக்குத் தெரிந்த ஒன்றையும் சொல்லி விடுகிறோம். சிகிச்சைக்கோ, குறித்த காலப் பரிசோதனைக்கோ செல்லும் புற்றுநோயாளருக்குக் கட்டணச் சலுகை உண்டு. படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்கு முழுச் சலுகை. உடன் செல்லும் ஒருவருக்கு 75 விழுக்காடு. மருத்துவமனை தரும் சான்றிதழைக் கொண்டு முன்பதிவு நிலையத்தில் பெறலாம். மும்பை பரேலிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனைக்கோ, சென்னை அடையாற்றில் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய புற்றுநோய் நிலையத்துக்கோ சென்று வருவோர் இதைக் கேட்டுப் பெறுக.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். தலைமுடி வளர்ந்து, அடுக்களைக்குத் திரும்பி விட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணற்க. "இரவு தூங்கினாயா?" என்று கேளுங்கள். இரவில் விழித்தவரைக் காலையில் சற்று உறங்க விடுங்கள். மாவு பிசையும் வேலையை ஆண்மக்களும் கற்றுக் கொள்ளலாம்.

சகோதரியரே, தொல்லைகளை ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டு செல்லுங்கள். மாத்திரையை நிறுத்த வேண்டுமென்று தோன்றினால், நிறுத்துவதற்கு முன்பு சொல்லுங்கள். மொழி தடையாயின் மாதர் பகுதியில் தெரிவியுங்கள். இந்தி அறிந்த பெண் ஒருவர் உடன் வர ஏற்பாடு செய்யலாம். சங்கம் என்பது பொங்கல் விழாவுக்கு மட்டும் ஏற்பட்டதன்று.