புரை என்ன மாம்பழமா?

“புரை இன்னும் முத்தலையாம், முத்தின பிறகு எடுத்துக்கலாம்.” கண் மங்கிய பெரியவர் இருக்கும் வீடுகளில் இந்த வாசகம் ஏதோ மருத்துவ விதி போலவே உலவுகிறது. சொல்வது பெரும்பாலும் மகனோ மருமகளோ, தானும் கண் ஆபரேஷன் செய்துகொண்ட பக்கத்து வீட்டுக்காரரோதான். பழுக்கட்டும் என்று காத்திருந்து பறிக்க, கண்ணுக்குள் தொங்குவது மாம்பழம் இல்லை.

இந்த நம்பிக்கையை விதைத்தவர்கள் பாட்டிமார் அல்லர், கண் மருத்துவர்களேதான். அன்று அதற்குக் காரணம் இருந்தது. புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வைக்க ஒன்றுமில்லை. சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. அது எதையும் ஏறக்குறைய கால் பங்கு பெரிதாக்கிக் காட்டும். ஒரு கண்ணில் மட்டும் புரையை எடுத்தால் இரண்டு கண்ணும் காட்டும் உருவங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஆகவே கொஞ்சம் பார்வை மிச்சமிருக்கும்வரை கத்தி வைக்காதிருப்பதே அப்போது புத்திசாலித்தனம்.

1949இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸைப் பொருத்தினார். 1967இல் அமெரிக்காவின் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவரின் அல்ட்ராசவுண்டு கருவியைப் பார்த்து எழுந்த யோசனையில், புரையை உள்ளேயே உடைத்து உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இறக்குமதி லென்ஸ் விலை எட்டாது என்ற குறையும், 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஆரோலேப் குறைந்த விலையில் லென்ஸ் செய்யத் தொடங்கியதும் தீர்ந்தது. காத்திருக்கச் சொன்ன காரணம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. வாசகம் மட்டும் போகவில்லை.

இன்று காத்திருப்பதில்தான் ஆபத்து. முத்திய புரை கெட்டித்துப் பழுப்பேறிவிடும். அதை உடைக்க அல்ட்ராசவுண்டு கூடுதலாகத் தேவைப்படும். கருவிழியின் உட்புறச் செல்கள் அதில் அடிபடும். போன செல் திரும்ப வளராது. இன்னும் விட்டால் லென்ஸ் ஊதி, கண்ணுக்குள் நீர் வடியும் வழியை அடைத்து அழுத்தத்தை ஏற்றிவிடலாம். கண் சிவந்து, தலை வெடிக்கிற வலியும் வாந்தியுமாக அப்போதுதான் ஆட்டோ பிடிக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் நரம்பு பட்டுப்போனால் பிறகு எந்த அறுவையும் பார்வையைத் திருப்பித் தராது.

இதில் ஒரு பொய்ப் பெருமையும் உண்டு. “எழுபது வயசாச்சு, கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன்!” நாற்பதை ஒட்டி வந்த வெள்ளெழுத்து தானாகப் போகாது. லென்ஸின் நடுப்பகுதி இறுகி, தள்ளியிருப்பதை மங்கலாக்கி, கிட்டத்தை மட்டும் கொஞ்ச நாள் தெளிவாக்கியிருக்கும். தாத்தா பேரனிடம் பீற்றிக்கொள்வது, பல நேரம், வளரும் புரையை. (முன்பிருந்தே கிட்டப்பார்வை உள்ளவர்கள் கோபிக்க வேண்டாம், அவர்கள் கதை வேறு.)

புரை என்று தெரிந்த மறுநாளே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி முத்தியதா என்பதன்று. அரிசியில் கல் தெரிகிறதா? பஸ் நம்பர் தெரிகிறதா? இரவில் எதிர்வண்டி வெளிச்சத்தில் கண் கூசுகிறதா? இறங்கும்போது படியைக் காலால் தடவித் தேட வேண்டியிருக்கிறதா? அன்றாட வேலை தடைப்பட்டால் அதுவே நேரம். சொட்டு மருந்து போதாதா என்றால், அது எதுவும் புரையைக் கரைப்பதில்லை.

உண்மையில் யாரும் புரைக்காகக் காத்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வெயில் தணியட்டும், ஆடி போகட்டும், பேத்தி கல்யாணம் முடியட்டும். பாட்டிகளிடம் கேட்டால் “நான் இனிமே என்ன கலெக்டர் உத்யோகமா பாக்கப் போறேன்” என்பார்கள். அதை அவர்களின் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டு வீடு நிம்மதியாகிவிடுகிறது. அரசு மருத்துவமனையில் காசில்லாமல் செய்கிறார்கள். முகாம்களிலிருந்து வண்டி வைத்தே அழைத்துப் போகிறார்கள். ஆனாலும் கூடப் போக, ஆபரேஷனுக்குப் பிறகு சொட்டு மருந்து விட, ஓர் ஆள் லீவு போட வேண்டும். பல வீடுகளில் நிற்பது அங்கேதான். அதைச் சொல்ல வெட்கமாயிருப்பதால், பழியைத் தூக்கிப் புரையின் மேல் போடுகிறோம்.